சிறுவர் ஆட்டத்தின் மத்தியஸ்தரைத் தனியே விடலாமா?

சிறுவர்களுக்கான உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி ஒன்றை நடத்த நினைப்பவர்கள் முதலில் மைதானத்தைத் தேடுகிறார்கள். பிறகு அனுசரணையாளர், கிண்ணங்கள், ஒலிபெருக்கி, பிரதம அதிதி. ஆட்டங்களுக்கு யார் மத்தியஸ்தம் வகிப்பது என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியில்தான் எழுகிறது. கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இதை யாரும் பெரிய குறையாக எண்ணுவதில்லை. எண்ண வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை, வீட்டுக்கும் வகுப்பறைக்கும் வெளியே, உறவினரோ தன் ஆசிரியரோ அல்லாத ஒருவர் தனக்கு எதிராகச் சொல்லும் தீர்ப்பை ஏற்கப் பழகும் முதல் இடம் மைதானம். அந்தத் தீர்ப்பின்போது எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்களோ, அதையே பிள்ளையும் கற்றுக்கொள்கிறது.

சிறுவர் போட்டியில் விசில் ஊதுபவரைக் கூலிக்குப் பிடித்த ஆளாக நடத்துவதை நாம் நிறுத்த வேண்டும். பிள்ளைகளின் கல்வியில் பங்குள்ள ஒருவராக அவரை ஏற்க வேண்டும். அவருக்குரிய பயிற்சி, பாதுகாப்பு, கொடுப்பனவு, மரியாதை ஆகிய நான்கையும் உறுதிசெய்யாமல் சிறுவர் சுற்றுப்போட்டி எதையும் தொடங்கக் கூடாது.

மூன்று சமூகங்கள், ஒரு விசில்

கண்டியை வெளியூர்க்காரர்கள் றக்பி நகரமாகவே அறிவார்கள். நித்தவளை மைதானம், கண்டி விளையாட்டுக் கழகம், 1945 முதல் கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் மோதிவரும் பிரட்பி கேடயம் என்று அந்த ஆட்டத்துக்கு இங்கே நீண்ட பரம்பரை உண்டு. உதைபந்தாட்டத்தின் முகவரி வேறு. அக்குறணை, மடவளை, கம்பளை, நாவலப்பிட்டி போன்ற ஊர்களிலும், புசல்லாவை, கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களிலும் பிள்ளைகளின் மாலைப்பொழுது இந்தப் பந்தோடுதான் கழிகிறது. பந்து ஒன்று இருந்தால் மேடுபள்ளமான துண்டு நிலமும் மைதானமாகிவிடும். அதனால்தான் வசதி குறைந்த பாடசாலைகளும் இந்த ஆட்டத்தில் தலைநிமிர்ந்து நிற்கின்றன.

இந்த ஊர்களின் அணிகள் போகம்பரை போன்ற பொது மைதானமொன்றில் சந்திக்கும்போது தமிழும் சிங்களமும் ஒரே ஆட்டத்தில் கலந்து ஒலிக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைக்கும், முஸ்லிம் ஊரின் பிள்ளைக்கும், சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கும் மத்தியஸ்தர் ஒருவரே. ஒரு மொழியில் அவர் கண்டித்தால், அந்த மொழி புரியாத பிள்ளை அதை வசையென்று எடுத்துக்கொள்ளும். ஒரு தரப்போடு அதன் மொழியில் நாலு வார்த்தை இதமாகப் பேசினால், அவர் அந்தப் பக்கத்து ஆள் என்று மறு தரப்பு முடிவுகட்டிவிடும்.

மத்தியஸ்தரின் கையிலுள்ள மஞ்சள், சிவப்பு அட்டைகளே இப்படியொரு மொழிச் சிக்கலில் பிறந்தவைதாம். 1966 உலகக் கிண்ணக் காலிறுதியில், லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தும் ஆர்ஜென்டீனாவும் மோதின. மத்தியஸ்தர் ருடோல்ஃப் கிரைட்லைன் ஒரு ஜேர்மனியர். ஆர்ஜென்டீன அணித்தலைவர் அன்டோனியோ ரத்தீனை அவர் வெளியேற்றினார். மத்தியஸ்தருக்கு ஸ்பானிய மொழி தெரியாது, ரத்தீனுக்கு ஜேர்மன் தெரியாது. தான் ஏன் வெளியேற வேண்டும் என்று புரியாமல் ரத்தீன் நின்ற இடத்திலேயே நிற்க, ஆட்டம் பல நிமிடங்கள் தடைப்பட்டது. அந்தத் தொடரின் மத்தியஸ்தர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆங்கிலேயரான கென் அஸ்டன். காரில் வீடு திரும்பும் வழியில், வீதிச் சமிக்ஞை விளக்குகளின் நிறங்கள் அவருக்கு வழிகாட்டின. மொழி தெரியாத எவருக்கும் எச்சரிக்கையையும் வெளியேற்றத்தையும் நிறத்தாலேயே உணர்த்தலாம் என்று கண்டார். 1970இல் மெக்சிக்கோவில் நடந்த உலகக் கிண்ணத்தில் அட்டைகள் அறிமுகமாயின. அஸ்டன் தொழிலால் ஒரு பாடசாலை ஆசிரியர். பிள்ளைகளுக்கு எதையும் தெளிவாகச் சொல்லிப் பழகிய ஒருவரிடமிருந்து இந்த யோசனை வந்ததில் வியப்பில்லை.

ஆயினும் பிள்ளைகளின் ஆட்டத்தில் அட்டை மட்டும் போதாது. முழங்கையை விரித்து ஓடியது ஏன் தவறு என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதுவும் அதற்குப் புரியும் மொழியில். கண்டிப் பிரதேசத்தில் சிறுவர் போட்டிக்கு நியமிக்கப்படும் மத்தியஸ்தர் தமிழிலும் சிங்களத்திலும் பத்துப் பதினைந்து சிறு வாக்கியங்களையாவது சரளமாகச் சொல்லக் கூடியவராக இருப்பது அடிப்படைத் தகுதியாக வேண்டும். சர்வதேச மத்தியஸ்தர்களுக்கு ஆங்கிலம் எவ்வளவு அவசியமோ, இங்கே இது அவ்வளவு அவசியம்.

பெரியவர்களின் கண்ணால் பார்க்க முடியாத ஆட்டம்

உதைபந்தாட்டத்துக்கு விதிகள் பதினேழு. அவற்றைத் தெரிந்துவைத்திருப்பதால் மட்டும் சிறுவர் ஆட்டத்தை நடத்திவிட முடியாது. ஒரே வயதுப் பிரிவில் விளையாடும் இரு பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். ஒருவன் மீசை அரும்பி வளர்ந்து நிற்பான், மற்றவன் அவன் தோளளவுகூட இருக்கமாட்டான். இருவரும் நியாயமாகத் தோளோடு தோள் மோதினாலும் சிறியவன்தான் விழுவான். உடனே ஒரு பக்கத்துப் பெற்றோர் “ஃபவுல்” என்று எழுந்து நிற்பார்கள். மத்தியஸ்தர் யார் விழுந்தான் என்பதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, எப்படி மோதினான் என்பதையே பார்க்க வேண்டும்.

விதிநூல் இதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. கவனக்குறைவான மோதலுக்கு எதிரணிக்கு உதை வாய்ப்பு மட்டும். எதிராளிக்கு ஆபத்து நேரலாம் என்பதைப் பொருட்படுத்தாத மோதலுக்கு மஞ்சள் அட்டை. அளவு மீறிய பலத்தைப் பிரயோகித்தால் சிவப்பு அட்டை. பெரியவர்களின் ஆட்டத்தில் இந்தப் படிகளைப் பிரித்தறிவது ஓரளவு சுலபம், ஏனெனில் வளர்ந்த வீரன் தன் உடலை அறிந்தவன். ஒரே வருடத்தில் நாலு அங்குலம் வளர்ந்த பையனுக்குத் தன் கால் எங்கே போய் நிற்கும் என்று இன்னும் சரியாகத் தெரியாது. அவனுடைய பல தவறுகள் முதற்படியைச் சேர்ந்தவை, முரட்டுத்தனத்தால் வந்தவையல்ல. அதை உணராத மத்தியஸ்தர் அட்டைகளை வாரியிறைப்பார். எல்லாவற்றையும் பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிடுபவரோ, கால் முறிந்த பிறகுதான் விழித்துக்கொள்வார்.

பந்து கையில் படுவதும் அப்படித்தான். கையில் பட்ட பந்தெல்லாம் குற்றமாகாது. வேண்டுமென்றே தொட்டாரா, அல்லது கையை இயல்புக்கு மாறாக விரித்து உடலைப் பெரிதாக்கினாரா என்பதே கேள்வி. முகத்தை நோக்கி வேகமாக வரும் பந்தைக் கண்டு கையைத் தூக்குவது சிறுவர்களின் அனிச்சைச் செயல். எந்தக் கை எப்படித் தூக்கப்பட்டது என்பதை அந்த ஒரு கணத்துக்குள் மத்தியஸ்தர் கண்டு தீர்மானிக்க வேண்டும். வெளியே நிற்பவர்களுக்கு அந்தக் கடினம் தெரிவதில்லை.

அவர்கள் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு விதியும் உண்டு. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால், முன்னர் எடுத்த முடிவு பிழையென்று மத்தியஸ்தரே உணர்ந்தாலும் மீண்டும் தொடங்கிய விதத்தை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. பந்து ஓடத் தொடங்கிய பின்னரும் பத்து நிமிடம் கத்துவதால் எந்தத் தீர்ப்பும் மாறாது. அந்தச் சத்தத்தில் மாறுவது பிள்ளையின் மனம்தான். தான் ஓடாததால் தோற்றோம் என்று எண்ணவேண்டிய பிள்ளை, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ணத் தொடங்குகிறது.

தேவை கூடிய இடத்தில் துணை குறைவு

சர்வதேசப் போட்டியொன்றில் மத்தியஸ்தருக்குத் துணையாக எல்லைக்கோட்டில் இருவர், நான்காவது அதிகாரி ஒருவர், காணொளி பார்த்து உதவும் குழு ஒன்று. பிள்ளைகளின் சுற்றுப்போட்டியில் பல வேளைகளில் ஒருவரே. எல்லைக்கோட்டில் கொடி பிடிக்க இரு அணிகளிலிருந்தும் ஆளுக்கொருவரை அழைத்து நிறுத்துவார்கள், அவர்களோ ஓஃப்சைட் விதியைத் தங்கள் அணியின் பக்கம் நின்று பார்ப்பவர்கள். குழுநிலை ஆட்டங்களை ஒரே நாளில் முடிக்கும் அவசரத்தில், காலையில் தொடங்கிய அதே மத்தியஸ்தர் மாலை இறுதி ஆட்டம்வரை ஓடுகிறார். கால் களைத்தால் மத்தியஸ்தர் பந்துக்குத் தூரமாகிவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் பிழை வரும். நாளின் மிக முக்கியமான ஆட்டத்தை மிகக் களைத்த மனிதரிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் பிழை விட்டார் என்று குமுறுவதில் நியாயமில்லை.

மலைநாட்டின் காலநிலையும் மத்தியஸ்தரின் பொறுப்பைக் கூட்டுகிறது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியோடு மழை வருவது இங்கே வழக்கம். அந்தக் காலங்களில்தான் மின்னல் அபாயமும் மிகுதி. இடி கேட்டதும் திறந்தவெளி ஆட்டத்தை நிறுத்தி, கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருப்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் பாதுகாப்பு வழமை. அரையிறுதி நடந்துகொண்டிருக்கையில், பிரதம அதிதி காத்திருக்கையில், அனுசரணையாளரின் பதாகை நனைகையில், தனியாளாக நின்று “ஆட்டத்தை நிறுத்துகிறேன்” என்று சொல்ல மத்தியஸ்தருக்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவுக்கு ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே எழுத்தில் ஆதரவு தர வேண்டும். தரையில் பதிக்காத கோல் கம்பம், தலையில் அடிபட்ட பிள்ளை, நீர் தேங்கிய மூலை எல்லாவற்றிலும் இதுவே பொருந்தும். மைதானத்துக்குள் பிள்ளைகளின் உயிருக்கு முதற்பொறுப்பு அவர் தலையில்தான் விழுகிறது.

வசை எங்கே போய் முடியும்

2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மீரே நகரில், தன் மகன் விளையாடிய இளையோர் ஆட்டத்துக்குத் தொண்டராகக் கொடி பிடித்தார் ரிச்சர்ட் நியூவென்ஹெய்சன் என்ற நாற்பத்தொரு வயதுத் தந்தை. ஆட்டம் முடிந்ததும் எதிரணிச் சிறுவர்கள் அவரை அடித்து உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்தார். அந்த வார இறுதியில் நாட்டின் அமெச்சூர் ஆட்டங்கள் அனைத்தையும் நெதர்லாந்து உதைபந்தாட்டச் சங்கம் இரத்துச் செய்தது. அடுத்த ஆண்டு தண்டனை பெற்றவர்களில் பதின்ம வயதினரோடு ஒரு வீரரின் தந்தையும் இருந்தார். அதே 2013இல், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இளையோர் ஆட்டமொன்றில் மஞ்சள் அட்டை காட்டிய ரிக்கார்டோ போர்ட்டிலோ என்ற மத்தியஸ்தரைப் பதினேழு வயது கோல்காப்பாளர் முகத்தில் குத்தினார். ஒரு வாரம் சுயநினைவின்றிக் கிடந்து அவரும் இறந்தார்.

இவை தூரத்து நாடுகளின் அரிதான கொடுமைகள் என்று கடந்துபோகலாம். ஆனால் அந்தச் சிறுவர்கள் கையோங்கப் பிறந்தவர்களல்லர். மத்தியஸ்தரை எதிரியாகப் பார்க்கும் பழக்கத்தை மைதானத்தைச் சுற்றி நிற்பவர்களிடமிருந்துதான் பிள்ளைகள் பெறுகிறார்கள். அல்மீரே வழக்கில் ஒரு தந்தையும் கூண்டில் நின்றதை நாம் மறக்கக் கூடாது.

கண்டிக்கு இதில் கூடுதலான ஓர் அச்சமும் உண்டு. 2018இல் தெல்தெனியவில் வீதியில் நடந்த ஒரு கைகலப்பில் காயமடைந்தவர் இறந்ததைத் தொடர்ந்து, திகன, அக்குறணை வரை முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை பரவியதையும், மார்ச் மாதம் நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம் வந்ததையும் இந்த மாவட்டம் மறந்துவிடவில்லை. தனிமனிதர் சிலரின் சண்டைக்கு இங்கே எவ்வளவு விரைவாகச் சமூகச் சாயம் பூச முடியும் என்பதை அந்த நாட்கள் காட்டின. வெவ்வேறு சமூகங்களின் பிள்ளைகள் எதிரெதிரே நின்று, உடலோடு உடல் மோதி, பிறகு கைகுலுக்கிப் பிரியும் இடங்கள் இந்த மாவட்டத்தில் அதிகமில்லை. உதைபந்தாட்ட மைதானம் அவற்றுள் ஒன்று. அங்கே நிகழும் மோதல் மோதலாகவே தீர்ந்துபோவதற்கு, இரு தரப்பும் நம்பும் மத்தியஸ்தர் ஒருவர் வேண்டும். அவரது நடுநிலையைக் காப்பது விளையாட்டைக் காப்பதைவிடப் பெரிய காரியம்.

பக்கத்து மைதானத்திலிருந்து கற்கலாம்

இதற்கான வழிகளைத் தேடிக் கண்டி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நித்தவளையில் றக்பி பார்த்து வளர்ந்த எவரும் அறிந்த இரண்டு வழக்கங்கள் உள்ளன. மத்தியஸ்தரிடம் அணித்தலைவர் மட்டுமே பேசுவார். மஞ்சள் அட்டை பெற்றவர் பத்து நிமிடம் வெளியே அமர்ந்திருப்பார். றக்பி மைதானங்களிலும் மத்தியஸ்தர்கள் வசைபாடப்படுவது உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இரு வழக்கங்களும் வீரர்களைக் கட்டுப்படுத்துவதில் உறுதியாக உதவுகின்றன.

உதைபந்தாட்டம் இப்போது அவற்றையே நாடி வருகிறது. 2024 ஐரோப்பியக் கிண்ணத்தில் அணித்தலைவர் மட்டும் மத்தியஸ்தரை அணுகலாம் என்ற கட்டுப்பாடு நடைமுறையானது. 1886 முதல் விதிகளைக் காத்துவரும் சர்வதேச உதைபந்தாட்டச் சங்க சபை, அதை மற்றப் போட்டிகளும் பின்பற்ற வழிகாட்டியது. இங்கிலாந்தில் 2017-18 பருவத்தில் 31 அடிமட்ட லீக்குகளில், மத்தியஸ்தரை எதிர்த்துப் பேசியவரைப் பத்து நிமிடம் வெளியே அமர்த்திப் பார்த்தார்கள். எதிர்த்துப் பேசுவது 38 வீதம் குறைந்தது. பின்னர் 2019-20 முதல் அடிமட்ட ஆட்டங்களுக்கு அது விரிவாக்கப்பட்டது. சிறுவர் போட்டிகளில் இந்தத் தற்காலிக வெளியேற்றத்தைத் தேசிய சங்கங்கள் அனுமதிக்கலாம் என்று விதிநூலே சொல்கிறது. இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனம் அந்த அனுமதியை வழங்கி, பாடசாலைப் போட்டிகளில் தொடங்கிவைக்க வேண்டும். சிவப்பு அட்டை பெற்ற பிள்ளை அன்று முழுவதும் அவமானத்தில் சுருங்கிப்போகும். சில நிமிடம் வெளியே அமர்ந்த பிள்ளை மூச்சை ஆற்றிக்கொண்டு திரும்பவும் விளையாடும். கற்பிக்க விரும்புபவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய தண்டனை இரண்டாவதே.

பயிற்றுநர்களுக்கும் பொறுப்பு உண்டு. அவர்களுக்கும் அட்டை காட்டலாம் என்று 2019இல் விதி மாற்றப்பட்டது. அணியின் இருக்கைப் பக்கமிருந்து யார் தவறாக நடந்தார் என்று அடையாளம் காண முடியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த பயிற்றுநரே தண்டனையை ஏற்க வேண்டும். இந்த விதியைச் சிறுவர் சுற்றுப்போட்டிகளில் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். பெற்றோருக்கான எல்லைக்கோடு ஒன்றைப் பக்கக்கோட்டிலிருந்து சில மீற்றர் தள்ளிக் கயிறு கட்டியோ சுண்ணாம்பு போட்டோ வரைந்துவிடலாம். அதைத் தாண்டி வருபவரை வெளியேற்றும் வேலை பொறுப்பாசிரியர்களுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் உரியது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு மத்தியஸ்தர் அவர்களோடு வாதாடக் கூடாது. முறைப்பாடு இருந்தால் ஆட்டம் முடிந்தபின் எழுத்தில், அதிபரின் அல்லது கழகச் செயலாளரின் கையொப்பத்துடன் வரட்டும். ஒருவர் ஒரு நாளில் எத்தனை ஆட்டங்களுக்கு ஓடலாம் என்பதற்கும் வரம்பு வேண்டும். அவரது கொடுப்பனவு கிண்ணம் வாங்குவதற்கு முன்பே ஒதுக்கப்பட வேண்டும்.

யார் விசிலை எடுப்பார்கள்?

அனுபவமுள்ள மத்தியஸ்தர்களுக்கு வயதேறுகிறது, புதியவர்கள் வருவது குறைவு. வந்தவர்களும் முதல் சில ஆட்டங்களின் வசையிலேயே விலகிவிடுகிறார்கள். நாட்டின் உதைபந்தாட்ட நிர்வாகமும் நிலையாக இருந்ததில்லை. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தி, ஆகஸ்ட் இறுதியில்தான் தடையை நீக்கியது. மேலேயிருந்து எல்லாம் வரும் என்று காத்திருந்தால் கண்டிப் பிள்ளைகளின் பருவம் கழிந்துவிடும்.

ஆட்கள் இங்கேயே இருக்கிறார்கள். க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கும் இளைஞர்களும் யுவதிகளும் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. பலர் பாடசாலை அணிகளில் விளையாடியவர்கள், இரு மொழியும் ஓரளவு பேசுபவர்கள், ஓட்டத்தில் சளைக்காதவர்கள். அவர்களுக்கு முறையான பயிற்சி தந்து, முதலில் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் ஆட்டங்களை ஒப்படைக்கலாம். ஒவ்வோர் ஆட்டத்திலும் பழைய மத்தியஸ்தர் ஒருவர் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்து, இடைவேளையில் இரண்டு வார்த்தை சொல்லிக்கொடுக்க வேண்டும். தனியே விடப்படாத புதியவர் விலகிப்போவதில்லை. பயிற்சி மத்தியஸ்தர் என்று எவரும் கண்டுகொள்ளும் நிறத்தில் ஒரு கைப்பட்டியை அணிவித்தால், அவரைத் திட்டுபவர் யாரைத் திட்டுகிறோம் என்பதையும் உணர்வார்.

பெண் பிள்ளைகளை இதில் பின்தள்ளக் கூடாது. 2022 டிசம்பர் 1ஆம் திகதி, கட்டாரில் கொஸ்ட்டரிக்காவும் ஜேர்மனியும் மோதிய ஆட்டத்துக்குப் பிரான்சின் ஸ்டெஃபனி ஃப்ரப்பார் விசில் ஊதினார். ஆண்களின் உலகக் கிண்ணத்தில் பெண்ணொருவர் பிரதான மத்தியஸ்தராக நின்றது அதுவே முதல்முறை. எல்லைக்கோட்டில் அவருடன் நின்ற இருவரும் பெண்கள். உயர்ந்த மேடைக்குப் போகும் பாதை நமக்கும் அடைபட்டதல்ல. தமிழ்நாட்டின் கோமளீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கிண்ணத்தில் துணை மத்தியஸ்தராகக் கடமையாற்றினார். இலங்கையின் டிலான் பெரேரா ஆசியக் கூட்டமைப்பின் போட்டிகளில் மத்தியஸ்தராக நின்றார். புசல்லாவையிலோ மடவளையிலோ பத்து வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு இன்று விசில் ஊதும் ஓர் இளைஞரும் அந்த வரிசையில் ஒரு நாள் நிற்கலாம், நாம் அவரை விரட்டாமல் இருந்தால்.

இவற்றுள் எதற்கும் பெரிய பணம் வேண்டியதில்லை. ஒரு வார இறுதி, ஒரு வகுப்பறை, ஒரு மைதானம், தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்ட விதிச்சுருக்கம், கற்பிக்க முன்வரும் பழைய மத்தியஸ்தர் சிலர், இவை போதும். கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பகுதிப் பாடசாலைகளும் கழகங்களும் சேர்ந்து வரும் விடுமுறையிலேயே முதல் பயிற்சியைத் தொடங்கலாம். கல்வி அதிகாரிகளும் பிரதேச லீக்குகளும், பயிற்சி பெற்ற மத்தியஸ்தர் இல்லாத சிறுவர் போட்டிக்கு அனுமதியில்லை என்று முடிவெடுக்கலாம். தோற்றாலும் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு எதிரணியின் கையைப் பற்றும் பிள்ளைகள் இந்த மாவட்டத்துக்கு வேண்டும். அவர்களை வளர்க்கும் பொறுப்பு பெரியவர்களான நம்முடையது. நம் வாயைக் கட்டுப்படுத்துவதிலிருந்து அதைத் தொடங்குவோம்.